எதற்காகக் கொல்கிறோம், எப்படிக் கொல்கிறோம்: பிரிட்டன் காடுகளில் சாம்பல் அணில் கட்டுப்பாடு



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உயிர்க்கொலை பற்றியது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு பிரிட்டனின் காடுகளில் பெருகிவிட்ட சாம்பல் அணிலை எந்த முறையில் கட்டுப்படுத்துவது? அந்த முறை எவ்வளவு இரக்கமுடையது, எவ்வளவு பலன் தருவது? சாம்பல் அணில் என்றதும் உங்களில் சிலருக்குத் திருவில்லிபுத்தூர் சரணாலயத்தின் சாம்பல் நிற மலை அணில் நினைவுக்கு வரலாம். அது வேறு, அருகிவரும், காப்பாற்ற வேண்டிய உயிர். இது கிழக்கு அமெரிக்காவின் அகல இலைக் காடுகளைச் சேர்ந்தது. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை இருக்கும். லண்டன் பூங்காக்களில் ஆளுக்கு அஞ்சாமல் கையிலிருந்தே கடலை வாங்கித் தின்னும். இப்படிப்பட்ட ஒன்றைக் கொல்வதா என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமலே வேலையில் இறங்கும் காட்டுடைமையாளர்கள் உண்டு. அந்தக் கேள்வியோடு பேச்சை முடித்துக்கொள்ளும் விலங்கு நேயர்களும் உண்டு. இரு சாராரும் ஒரே அனுமானத்தில் நிற்கிறார்கள் என்பது என் கருத்து. இரக்கம் ஒரு தட்டிலும் பலன் மறு தட்டிலும் இருப்பதாகவும், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்றும் நினைக்கிறார்கள். கடந்த முக்கால் நூற்றாண்டுச் சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. பலன் தராத முறையை ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால், ஒவ்வொரு அணிலும் எவ்வளவு வலியில்லாமல் செத்தாலும், மொத்தக் கணக்கில் அதுவே மிகக் கொடிய முறையாகிவிடுகிறது. இதை நிறுவுவதும், இதற்கு எழும் மறுப்புகளுக்குப் பதில் சொல்வதும்தான் இன்று என் வேலை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876இல் செஷயர் மாவட்டத்தின் ஹென்பரி பார்க் பண்ணையில் ஒரு செல்வந்தர் சில சாம்பல் அணில்களைத் திறந்துவிட்டார். பதிவில் உள்ள முதல் விடுவிப்பு அதுதான். பின்னர் பெட்ஃபோர்ட் கோமகன் தம் வோபர்ன் மாளிகைப் பூங்காவில் அவற்றை வளர்த்து, நண்பர்களுக்கும் பூங்காக்களுக்கும் பரிசாக அனுப்பிவைத்தார். 1911இல் ஒரு திருமணத்தை ஒட்டி அயர்லாந்தின் லாங்ஃபோர்ட் மாவட்டத்துக்கும் அணில்கள் போய்ச் சேர்ந்தன. இதெல்லாம் தவறு என்று அரசுக்கு உறைத்து, இறக்குமதியையும் வளர்ப்பையும் தடை செய்யும் ஆணை வந்தது 1937இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பாலூட்டியியல் சங்கம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி பிரிட்டனில் சாம்பல் அணில்கள் சுமார் 27 லட்சம். அந்த மண்ணின் சொந்த அணிலான செவ்வணில் மூன்று லட்சத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில். சாம்பல் அணில் செவ்வணிலோடு சண்டை போட்டு அதை விரட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முற்றாத ஓக் விதையையும் ஹேசல் கொட்டையையும் முன்கூட்டியே தின்று உணவைக் காலி செய்வது ஒரு காரணம். அணில் அம்மை வைரஸைத் தான் பாதிக்கப்படாமல் சுமந்து திரிவது அதைவிடப் பெரிய காரணம். அந்த நோய் தொற்றிய செவ்வணில் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் கண்ணிலும் வாயிலும் புண்ணாகிச் செத்துப்போகிறது. 2008இல் லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி கடற்கரைக் காடுகளில் நோய் பரவியபோது, அங்கிருந்த செவ்வணில்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அழிந்தன. சாம்பல் அணிலை விட்டுவைப்பதுதான் இரக்கம் என்போர் இந்தச் சாவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காடு வளர்ப்போரின் குறை வேறு. ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூலை வரை சாம்பல் அணில்கள் இளமரங்களின் பட்டையை உரித்து உள்ளிருக்கும் சாற்றுத் திசுவைத் தின்கின்றன. 10 முதல் 40 வயதுக்குட்பட்ட மரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பீச், சிக்கமோர், ஓக் ஆகியவை அவற்றுக்குப் பிடித்தவை. தண்டைச் சுற்றிலும் பட்டை போனால் அதற்கு மேலுள்ள பகுதி பட்டுப்போகும். பாதி போனால் பூஞ்சை நுழையும், மரம் கோணும், விலை போகாது. ஏன் உரிக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. கோடையில் குட்டிகள் பெருகி நெருக்கடி கூடுவதைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் ஏற்படும் சுண்ணச்சத்துக் குறைவைச் சிலர் சொல்கிறார்கள். ராயல் ஃபாரஸ்ட்ரி சொசைட்டி 2021இல் வெளியிட்ட அறிக்கை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 40 ஆண்டுகளில் இந்தச் சேதம் 110 கோடி பவுண்டைத் தொடும் என்று மதிப்பிட்டது. பணத்தை விடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. உரிபட்டுப் போகும் என்ற அச்சத்தில் நில உடைமையாளர்கள் பீச், ஓக் நடுவதையே கைவிடுகிறார்கள். அந்த மரங்களை நம்பி வாழும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் அடுத்த நூற்றாண்டில் இடம் குறையும். ஆக, கட்டுப்பாட்டுக்கு இரண்டு நோக்கங்கள் இருக்கின்றன. ஒன்று செவ்வணிலைக் காப்பது, மற்றொன்று இளமரத்தைக் காப்பது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் முறை பற்றிய விவாதத்தின் பாதிக் கோளாறு தொடங்குகிறது. செவ்வணில் வாழும் பகுதியில் ஒரு சாம்பல் அணில்கூட இருக்கக் கூடாது. இளமரக் காட்டிலோ, ஆபத்தான அந்த மூன்று மாதங்களில் அடர்த்தி குறைந்திருந்தால் போதும்.

நோக்கத்தை வரையறுக்காமல் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு 1950களின் பிரிட்டனே சாட்சி. அரசு ஒரு வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று பரிசு அறிவித்தது. பிறகு அதை இரண்டு ஷில்லிங்காக உயர்த்தியது. பள்ளிப் பையன்கள் முதல் பண்ணைக் காவலர்கள் வரை துப்பாக்கி எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வால்கள் வந்து குவிந்தன. திட்டம் 1958இல் கைவிடப்பட்டபோது சாம்பல் அணிலின் பரவல் குறைந்திருக்கவில்லை. தொடர்ந்து விரிந்துகொண்டுதான் இருந்தது. காரணம் விளங்காத ஒன்றல்ல. பரிசுக்காகக் கொல்பவன் அணில் எங்கே அதிகமோ அங்கே போவான்; எங்கே குறைத்தால் பயன் விளையுமோ அங்கே போகமாட்டான். ஓர் இடத்தில் கடைசிச் சில அணில்கள் எஞ்சியிருக்கும்போது, தேட அதிக நேரம் ஆகுமென்று அவற்றை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவான். அந்தக் கடைசிச் சிலதான் திரும்பப் பெருகுபவை. பெண் அணில் ஆண்டுக்கு இரண்டு ஈற்று ஈனக்கூடியது. ஓர் ஈற்றுக்குச் சராசரியாக மூன்று குட்டிகள். நெரிசல் குறைந்தால் குட்டிகள் பிழைக்கும் வீதம் கூடும், பக்கத்துக் காட்டிலிருந்து இளசுகள் வந்து குடியேறும். சிறு காடொன்றில் ஏற்பட்ட வெற்றிடம் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நிரம்பிவிடும். பத்து லட்சம் உயிர்கள் போயின. ஒரு மரமோ ஒரு செவ்வணிலோ நிலையாகக் காக்கப்படவில்லை. கொல்லப்பட்ட அணில்களில் பெரும்பாலானவை துப்பாக்கிக் குண்டில் உடனே செத்திருக்கலாம். அதனால் அந்தத் திட்டம் இரக்கமுள்ளதாகிவிடுமா?

இதற்கு எதிர்முனையில் வைக்க வேண்டியது வேல்ஸின் ஆங்கில்சி தீவு. சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரப்பு. மெனாய் நீரிணையின் மேல் இரண்டு பாலங்கள் அதை நிலப்பகுதியோடு இணைக்கின்றன. 1990களின் இறுதியில் பென்ட்ரெத் காட்டில் ஏறத்தாழ 40 செவ்வணில்களே எஞ்சியிருந்தன. மற்ற இடமெல்லாம் சாம்பல் அணில். 1998இல் தொடங்கிய திட்டம், கிரெய்க் ஷட்டில்வொர்த் என்ற சூழலியலாளரின் வழிநடத்தலில், கூண்டுப் பொறிகளை முதன்மைக் கருவியாகக் கொண்டு தீவு முழுவதையும் பகுதி பகுதியாகச் சுத்தப்படுத்தியது. 6,000க்கும் மேற்பட்ட சாம்பல் அணில்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சிய சாம்பல் அணில்களின் இரத்தத்தில் அம்மை வைரஸுக்கான எதிர்ப்பொருள் காணப்படும் விகிதமும் சரிந்தது. செவ்வணில்களுக்கு அது இரட்டைக் காப்பு. 2015 வாக்கில் தீவு சாம்பல் அணில் இல்லாததாக அறிவிக்கப்பட்டது. செவ்வணில்கள் சுமார் 700 ஆகின. கணக்கை நீங்களே பாருங்கள். அங்கே பத்து லட்சத்துக்கும் மேல், பலன் இல்லை. இங்கே சில ஆயிரம், வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தீவில் கொல்ல வேண்டியவை, எப்போதாவது கடந்துவரும் ஓரிரண்டுதான். கொல்வதை நிறுத்த முடிகிற நிலைக்குக் கொண்டுசெல்லும் முறைதான் நீண்ட காலத்தில் மிகக் குறைவாகக் கொல்லும் முறை.

இத்தோடு நிறுத்திவிட்டால் நான் பலனை மட்டும் போற்றுகிறவன் ஆகிவிடுவேன். பலன் முதல் வாயில்தான். அதைக் கடந்தபின் இரண்டாவதாக ஒரு வாயில் இருக்கிறது: ஒவ்வொரு அணிலும் எப்படிச் சாகிறது? வார்ஃபரின் அந்த வாயிலில் தோற்ற முறை. இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவில் விழுங்கும் அதே மருந்துதான் இது. 1970களிலிருந்து கோதுமையில் கலந்து, சிறப்புத் தீனிப் பெட்டிகளில் வைத்து, பிரிட்டனின் காடுகளில் சாம்பல் அணிலுக்கு இட்டார்கள். ஆட்கூலி குறைவு, மரச்சேதமும் குறைந்தது. ஆகவே காட்டுடைமையாளர்கள் அதை விரும்பினார்கள். ஆனால் அது இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்கிறது. பல நாள் தின்று, உள்ளுறுப்புகளிலும் மூட்டுகளிலும் இரத்தம் கசிந்து, சாவதற்குள் நாட்கள் ஆகின்றன. அணில் அந்த நாட்களில் நினைவோடு இருக்கிறது. செத்த உடலைத் தின்னும் பறவைக்கும் விலங்குக்கும் நஞ்சு போகிறது. செவ்வணில் வாழும் இடங்களில் முன்பே தடை இருந்தது. 2015க்குப் பின் பிரிட்டனில் எங்குமே அணிலுக்கு அதைப் பயன்படுத்த இயலாதபடி ஒப்புதல் காலாவதியானது. மாற்று இல்லாமல் மலிவான ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று காட்டுடைமையாளர்கள் குறைபட்டார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது. வார்ஃபரினைத் திரும்பக் கேட்பதில் நியாயம் இல்லை. மலிவு என்பது இங்கே துன்பத்தின் விலையை அணிலின் கணக்கில் எழுதியதால் கிடைத்த மலிவு.

இன்று கையில் இருக்கும் முறைகளில் கூண்டுப் பொறியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும்; ஏனெனில் இரக்கமும் கொடுமையும் ஒரே கருவியில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. கம்பிக் கூண்டை ஹெக்டேருக்கு ஒன்று என்ற அளவில் வைத்து, முதலில் சில நாட்கள் கதவைத் திறந்தே கட்டிவைத்து முழு மக்காச்சோளம் போடுவார்கள். அணில்கள் பழகியபின் பொறியை இயக்குவார்கள். மற்ற முறைகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு: தவறி விழுந்த செவ்வணிலையோ பறவையையோ உயிரோடு விட்டுவிடலாம். ஆனால் அடைபட்ட காட்டு விலங்குக்கு ஒவ்வொரு மணி நேரமும் அச்சம். கம்பியில் முட்டி மூக்கு கிழியும். மழையில் நனைந்தால் குளிரில் விறைக்கும். கூண்டின் மேல் தழை போட்டு மூடுவது, நாளுக்கு இரண்டு முறையாவது பார்ப்பது, கதவு விழுந்ததும் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி பொருத்துவது ஆகியவை சிறு விவரங்களாகத் தோன்றலாம். அந்த விலங்கின் துன்பத்தில் பெரும்பகுதியை அவைதான் தீர்மானிக்கின்றன. அடுத்தது கொல்லும் கணம். ஒரு சாக்குக்குள் ஓடவிட்டு, மூலையில் ஒடுங்கியதும் மண்டையில் ஒரே வலுவான அடி. அல்லது கூண்டிலேயே காற்றுத் துப்பாக்கியால் தலையில் ஒரு குண்டு. கேட்க அருவருப்பாக இருக்கும். பயிற்சி பெற்றவர் கையில் இது நொடியில் முடியும் சாவு. அருவருப்பைத் தவிர்க்க விரும்பி வீட்டுக்காரர்கள் கூண்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவதுண்டு. பார்ப்பவர் முகம் திருப்பிக்கொள்ளலாம், அணில் திருப்பிக்கொள்ள முடியாது. 2010இல் பர்ட்டன்-அபான்-ட்ரென்ட் ஊரில் அப்படிச் செய்த ஒருவர் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். பிடிபட்ட கணத்திலிருந்து அந்த அணில் மனிதனின் பொறுப்பில் இருக்கும் உயிர் என்பதே அந்தச் சட்டத்தின் நிலை. கொல்பவனின் மனக்கூச்சம் வேறு, விலங்கின் வலி வேறு. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் வரை நாம் இரக்கமான முறையைத் தேர்ந்தெடுக்க மாட்டோம்.

சுருள்வில் பொறிகளில் அடைபடும் அச்சம் இல்லை. அடிபட்ட இடத்திலேயே சாவு. ஆனால் எவ்வளவு விரைவில்? ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா ஆகியவை 1990களின் இறுதியில் செய்துகொண்ட பொறி உடன்பாட்டில், விலங்கு மீளா மயக்கத்துக்குப் போக வேண்டிய உச்ச நேரம் ஸ்டோட் என்ற சிறு ஊனுண்ணிக்கு 45 நொடி. பட்டியலில் உள்ள மற்றப் பெரும்பாலான விலங்குகளுக்கு 300 நொடி. சாம்பல் அணில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஐந்து நிமிடத்தை இரக்கம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. நல்ல பொறிகள் அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கொல்லும்போது, சட்டத்தின் கீழ்வரம்பைத் தரமாகக் கொள்ள வேண்டியதில்லை. மண்டையைத் தாக்கும் வாயுப் பொறியான, நியூசிலாந்துத் தயாரிப்பான குட்நேச்சர் ஏ18 போன்றவை அந்தத் திசையில் வந்தவை. செவ்வணிலோ, பைன் மார்ட்டன் என்ற மரமேறி ஊனுண்ணியோ திரியும் காட்டில் எந்தக் கொல்பொறிக்கும் இடமில்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரை, தீனி வைத்து அருகிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் சுடுவது நல்ல கைக்கு நல்ல முறை. நீண்ட கழியால் கூட்டைக் குத்திக் கலைத்து, பாயும் அணில்களைச் சுடும் குளிர்காலப் பழக்கத்தையும், கூட்டோடு சேர்த்துச் சுடுவதையும் கைவிட்டாக வேண்டும். உள்ளே எது அடிபட்டது, எது காயத்தோடு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெற்றிடம் கோடைக்குள் நிரம்பிவிடுவதால் மரத்துக்கும் பயனில்லை. இரண்டு வாயிலிலும் ஒரே நேரத்தில் தோற்கும் முறை அது.

இதுவரை சொன்னதில் இரக்கமும் பலனும் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றன. அவை உண்மையாகவே மோதிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது; என் வாதத்துக்கு மிகக் கடினமான இடமும் அதுதான். பட்டை உரிபடும் காலம் ஏப்ரல் இறுதி முதல் ஜூலை வரை. சிறு காட்டில் அதற்கு முன் குளிர்காலத்தில் எத்தனை கொன்றாலும் இளவேனிலில் புதியவை வந்துவிடும். ஆகவே ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பொறி வைப்பதே மரத்தைக் காக்கும் என்பது வனத்துறை ஆய்வுகளின் நெடுநாள் முடிவு. ஆனால் அதே மாதங்களில்தான் பெண் அணில்கள் பாலூட்டுகின்றன. பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, உடம்பில் மயிர் இராது. ஏறத்தாழ இரண்டு மாதம் தாய்ப்பால் வேண்டும். தாயைப் பொறியில் கொன்றால் உச்சிக் கூட்டில் குட்டிகள் பசியிலும் குளிரிலும் சாகும். எந்தப் பதிவேட்டிலும் அவை எண்ணப்படுவதில்லை. தாயின் மண்டையில் விழுந்த அடி எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் அந்தக் கூட்டின் சாவை அது மாற்றாது. விலங்கு நேயர்கள் எழுப்பும் கேள்விகளில் மிக வலுவானது இதுவே. இதற்குக் காட்டுடைமையாளர்களிடம் பொதுவாகப் பதில் இல்லை. என் பதில், பரப்பளவில் இருக்கிறது. குளிர்காலக் கொலை பயனற்றுப்போவது, வெற்றிடத்தை நிரப்பப் பக்கத்துக் காட்டில் அணில் இருப்பதால்தான். ஒரே பள்ளத்தாக்கில் உள்ள எல்லா உடைமையாளர்களும், ஊரோரத் தோட்டக்காரர்கள் உட்பட, ஒரே பருவத்தில் சேர்ந்து இறங்கினால் நிரப்ப வருவதற்கு அருகில் ஒன்றும் இராது. அப்போது வேலையின் பெரும்பகுதியை, முதல் ஈற்றுக்கு முந்திய மாதங்களுக்கும் இரு ஈற்றுக்கும் பிந்திய இலையுதிர் காலத்துக்கும் மாற்றிக்கொள்ள முடியும். ஏப்ரலுக்குப் பின் எஞ்சியிருப்பது சில தாய்களே. பிடிபட்டது பாலூட்டும் தாய் என்று தெரிந்தால் சுற்றியுள்ள கூடுகளைத் தேடி, குட்டிகளின் சாவைச் சுருக்கும் கடமையையும் விதியாக்கலாம். மோதல் முற்றிலும் மறைந்துவிடாது. ஆனால் தனியாள் முறையில் அது வழக்கம். கூட்டு முறையில் அது விதிவிலக்கு.

இயற்கையே செய்யட்டுமே என்பார்க்கு ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பு சொன்ன பைன் மார்ட்டன், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டனுக்கு உறவினம். வேட்டைக் காவலர்களால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ அற்றுப்போன அது, அயர்லாந்தின் நடுப்பகுதியில் மீண்டு பெருகியபோது அங்கே சாம்பல் அணில் சரிந்து, செவ்வணில் திரும்பியது. எம்மா ஷீஹி, காலின் லாட்டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஸ்காட்லாந்திலும் பின்னர் அதே உறவு தெரிந்தது. செவ்வணில் மார்ட்டனின் வாடையை முகர்ந்தால் தீனிப் பெட்டியை விட்டு ஒதுங்குகிறது. சாம்பல் அணில் ஒதுங்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம் ஒன்றுக்கு இருக்கிறது, மற்றதற்கு இல்லை. நடு வேல்ஸில் 2015 முதல் 2017 வரை 51 மார்ட்டன்களும், டீன் காட்டில் 2019 முதல் 35 மார்ட்டன்களும், 2024இல் டார்ட்மூரில் 15 மார்ட்டன்களும் விடப்பட்டன. ஆனால் மார்ட்டனின் பல்லில் சாவது இரக்கமான சாவு என்று யாரும் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அதன் மேன்மை, அது ஓயாமல் தானே வேலை செய்வதிலும், குறைந்த எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருப்பதிலும் இருக்கிறது. அதன் குறை, ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மூன்று குட்டி மட்டுமே ஈன்று மிக மெதுவாகப் பெருகுவதும், ஊர்ப்புறத்துக்கு வராததும். நகரப் பூங்காக்கள் சாம்பல் அணிலின் புகலிடமாகவே இருந்துவிடும்.

அங்கேதான் கருத்தடைக்கு இடம். 2010களில், அன்றைய வேல்ஸ் இளவரசரான இன்றைய மன்னர் சார்லஸின் முயற்சியில் உருவான பிரிட்டிஷ் அணில் உடன்பாட்டு அமைப்பின் நிதியில், அரசின் விலங்கு–தாவர நலத்துறை வாய்வழிக் கருத்தடையை ஆய்ந்துவருகிறது. இனப்பெருக்க ஹார்மோனுக்கு எதிராக உடலையே எதிர்ப்பொருள் உண்டாக்க வைக்கும் தடுப்பூசி வகை அது. ஊசியாகப் போட்டால் வேலை செய்வது தெரியும். இரைப்பையின் செரிமானத்தைத் தாண்டி வாய்வழியே வேலை செய்ய வைப்பதே சிக்கல். தீனி வைக்கும் வழி நன்றாகவே வகுக்கப்பட்டுவிட்டது. செவ்வணிலின் எடை 300 கிராம் அளவு, சாம்பல் அணிலுக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு. ஆகவே எடை கூடினால் மட்டும் திறக்கும் கதவு. ஹேசல் கொட்டை விழுதில் ரோடமின்-பி சாயத்தைக் கலந்து வைத்து, பிறகு மயிரில் ஒளிரும் பட்டையைக் கொண்டு எத்தனை அணில் தின்றது என்று அளந்தார்கள்; சில நாளில் பெரும்பாலானவை தின்றிருந்தன. ஆனால் மருந்து காட்டுப் பயன்பாட்டுக்கு இன்னும் ஒப்புதல் பெறவில்லை. அது வரும்வரை கொல்வதை நிறுத்தலாமே என்ற மறுப்பை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. மருந்து கொடுத்த அணில் உடனே மறைந்துவிடாது. ஆயுள் முழுக்க உரிக்கும், வைரஸைச் சுமக்கும். எண்ணிக்கையை முதலில் குறைத்துவிட்டு, குறைந்ததை அப்படியே வைத்திருக்கத்தான் கருத்தடை சிறந்தது. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தார் கணினி மாதிரியில் பார்த்துவரும் மரபணு உந்தல் இன்னும் தொலைவில் உள்ள கதை.

காத்திருத்தலின் விலையை இத்தாலி கொடுத்தது. டூரின் நகருக்கு அருகே ஸ்டூபினிஜியில் 1948இல் இரண்டே இணை சாம்பல் அணில்கள் விடப்பட்டன. 1997இல் ரக்கோனிஜி பூங்காவில் அரசின் வனவிலங்கு நிறுவனம் ஒரு சோதனை ஒழிப்பைத் தொடங்கியது. முறை எது தெரியுமா? கூண்டில் பிடித்து, ஹாலோதேன் மயக்க மருந்து கொடுத்துத் தூக்கத்திலேயே முடிப்பது. இதைவிட மென்மையான முறையை நான் அறியேன். விலங்கு உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, பணி நின்றது, அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் ஏறி, மேல்முறையீட்டில் 2000இல்தான் விடுதலையானார்கள். அதற்குள் அணில்கள் முற்றிலும் ஒழிக்க முடிந்த எல்லையைத் தாண்டிப் பரவிவிட்டன. பிறகு ஐரோப்பிய நிதியில் மூன்று மாநிலங்களில் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்த வேண்டியதாயிற்று. அந்த வழக்கு ஓர் அணிலின் உயிரையும் நிலையாகக் காப்பாற்றவில்லை. கொல்லப்பட வேண்டிய அணில்களின் எண்ணிக்கையைக் கூட்டியது.

இன்னும் ஒரு மறுப்பு எஞ்சியிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டாக அங்கே பிறந்து வளரும் உயிரை ‘அந்நியம்’ என்று ஒதுக்குவது, குடியேறிகளை வெறுக்கும் மனத்தின் சாயல் இல்லையா என்கிறார்கள். அயலிலிருந்து வந்தது என்ற முத்திரை மட்டுமே கொல்லக் காரணமாக முடியாது என்பதில் நான் அவர்கள் பக்கம். வன்கூவரில் கூடிய பல நாட்டு அறிஞர்கள் வகுத்து, சாரா டுபோய்ஸ் தலைமையில் 2017இல் வெளியான வனவிலங்குக் கட்டுப்பாட்டு நெறிகள் ஏழு. அவற்றில் ஒன்று, முடிவு முத்திரையைப் பார்த்து எடுக்கப்படக் கூடாது, அந்தந்த இடத்தின் நிலைமையைப் பார்த்தே எடுக்கப்பட வேண்டும் என்கிறது. மனிதரின் நடைமுறையை மாற்றினால் தீருமா என்று முதலில் பார்க்கச் சொல்வதும், அடையக்கூடிய இலக்கு வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. லண்டன் பூங்காவில் யாருக்கும் கேடு செய்யாத சாம்பல் அணிலைக் கொல்ல எந்தக் காரணமும் இல்லை. கம்ப்ரியாவின் செவ்வணில் காட்டுக்குள் அம்மை வைரஸோடு நுழையும் அணிலைக் கொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஒரே இனம். இடம்தான் வேறு.

ஆகவே என் தீர்ப்பு இது. செவ்வணில் வாழும் இடங்களிலும் அவற்றின் எல்லைகளிலும், ஆங்கில்சி போல இயற்கை அரண் உள்ள பகுதிகளிலும், அரசு செலவை ஏற்று, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, கூண்டுப் பொறியாலும் கவனமான துப்பாக்கியாலும் கடைசி அணில் வரை செல்ல வேண்டும். தெற்கிலுள்ள மரக்காடுகளில், அண்டை உடைமையாளர்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு மட்டுமே மானியம் தர வேண்டும்; கணக்கில் வாலை எண்ணாமல், உரிபட்ட மரங்களின் விகிதத்தை எண்ண வேண்டும். பைன் மார்ட்டன் வாழக்கூடிய காடுகளுக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்த காட்டிலிருந்து கொல்பொறிகளை எடுத்துவிட வேண்டும். சுற்றிலும் யாரும் சேராத நிலையில் தனியே நிற்கும் சிறு காட்டின் உடைமையாளர் என்ன செய்வது? ஆபத்து வயதில் இளமரங்களும், அந்த ஆண்டு சேதம் வரும் என்பதற்குத் தெளிவான அறிகுறியும் இருந்தாலொழிய அவர் பொறி வைக்கக் கூடாது. அணில் அதிகம் தொடாத லைம் மரத்தையும் காட்டுச் செர்ரியையும் அவர் நடட்டும். அண்டை வீட்டாரிடம் பேசிப் பார்க்கட்டும். அவர்கள் இசையும் வரை, அவர் ஆண்டுதோறும் கொல்லும் அணில்களுக்கு அவரிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லை.